பழி வாங்குவதென்றால் ஆள் பார்த்து வாங்கு

மாப்பிள்ளையாகப் போகிற என் மகனுக்கு,

இந்த உடைந்த குரலில் நான் போனில் பேசுவது உனக்குப் பாதி கேட்பதில்லை. 'அம்மாகிட்ட குடுங்கப்பா' என்று சொல்லிவிடுகிறாய். கோபமாகச் சொல்ல வேண்டியதைக் கிசுகிசுவென்று சொன்னால் அது கோபமாகவே தெரிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீ எடுத்த வீடியோவை ஊரே பார்த்தது, இந்தக் கடிதத்தையும் ஊரே படிக்கட்டும். கல்யாணம் முடிந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்கிறாள் உன் அம்மா. அதுவரைக்கும் ஆற வைப்பதற்கு இது என்ன பாயசமா? சூடாக இருக்கும்போதே உன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரிய காஞ்சிபுரத்தில் முகூர்த்தப் புடவை எடுக்கப் போனோமே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ, திவ்யா, அவள் வீட்டார், நாங்கள் இரண்டு பேர். வெள்ளை மெத்தைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு பெண் புடவைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம் என்று அவள் பிரித்துப் போட்டதெல்லாம் மெத்தையில் குவிந்துவிட்டது, திவ்யாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. அது தப்பில்லை, ஆயுசுக்கும் வைத்திருக்கப் போகிற புடவை. நீதான் நடுவில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, 'கொஞ்சம் ஸ்பீடா எடுத்துப் போடும்மா, நாங்க சென்னைக்குத் திரும்பணும்' என்றாய். 'சரிங்க சார்' என்றாள் அவள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தேன். முகமூடி இல்லாமல் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தக் கண்களை எத்தனையோ நாள் மல்லாந்து படுத்தபடி பார்த்திருக்கிறேன். அவள் எஸ்தர். ஐ.சி.யூ.வில் என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ். நீ வீடியோ எடுத்து வேலையை விட்டு விரட்ட வைத்த நர்ஸ்.

நாம் படி ஏறும்போதே அவளுக்கு நம்மைத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவள் எழுந்து போகவில்லை, வேறு ஆளை அனுப்பவில்லை. உனக்கு வரப்போகிறவளுக்கு ஒவ்வொரு புடவையாகப் பிரித்து முந்தானையைக் காட்டினாள். திவ்யா ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்க, நீங்கள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினீர்கள். அப்போது அவள் என் பக்கம் குனிந்து, 'ஐயா, கழுத்துல ஓட்டை நல்லா மூடிக்கிச்சா? இன்னும் சளி கட்டுதா?' என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். நீ கிளம்பும்போது அவளைப் பார்த்து 'தேங்க்ஸ்மா' என்று சிரித்தாய். யாருக்குச் சொன்னோம் என்று உனக்குத் தெரியாது.

அதற்கு மறுநாளே சென்னையிலிருந்து மறுபடி வந்து, கல்யாணப் பத்திரிகையில் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு போய் அந்த ஆஸ்பத்திரி நிர்வாகியிடம் கொடுத்தாய். 'நமக்காக அவர் எவ்ளோ பண்ணாருப்பா' என்றாய். அவன் என்ன பண்ணினான் என்பதைத்தான் எழுதப் போகிறேன். 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னித்துக்கொள். அவனைப் பற்றி எழுதி முடிக்கும்வரை இந்த ஒரு மன்னிப்புதான் என்னிடம் இருக்கிறது.

நான் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊரும் படிக்கப் போகிறது, அதனால் சொல்கிறேன். சின்னக் காஞ்சிபுரத்தில் சாமி புறப்பாட்டுக்குப் பல்லக்குத் தூக்குகிறவன். மற்ற நாள்களில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஏனாத்தூர்ச் சாலையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பின்னால் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு கார் வந்து என்னை வண்டியோடு சேர்த்து நசுக்கியது. விலா எலும்புகள் நொறுங்கின, இடுப்பு உடைந்தது, வலது கை மாவுக்கட்டுக்குள் போனது. மூச்சு விட மிஷின். வாய் வழியாகத் தொண்டைக்குள் ஒரு குழாய். முதல் சில நாள் என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியாது. பிறகு மருந்தைக் குறைத்தார்கள். நினைவு வந்தது, காது கேட்டது, கண் தெரிந்தது. பேச்சு மட்டும் இல்லை. படுத்த இடத்திலிருந்து அந்த அறையைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலையில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த உனக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பல்லக்குக்கு ஆள் நிறுத்தும்போது தலையை எண்ண மாட்டோம். உயரத்தைப் பார்த்து, தோளைப் பார்த்து, அன்றைக்கு என்ன அலங்காரம், சாமி எவ்வளவு கனம், தெரு மேடா பள்ளமா என்றெல்லாம் பார்த்துத்தான் ஆளை நிறுத்துவோம். அதே பல்லக்கு ஒரு நாள் ஒரு கனம், இன்னொரு நாள் வேறொரு கனம். ஆள் பத்தாது என்று தெரிந்தால் தூக்கவே மாட்டோம். அப்படி ஆள் பார்த்தே பழகிய கண் இது. அந்தக் கண்ணால்தான் எஸ்தர் வேலை செய்வதைப் பார்த்தேன். வார்டில் படுத்திருக்கிற காய்ச்சல்காரன் வேறு, அடிபட்டு வந்து அந்த அறையில் கிடக்கிறவன் வேறு. எனக்கு மட்டும் என்னென்ன செய்தாள் என்று கேள். தொண்டைக் குழாயில் சளி சேரச் சேர இன்னொரு சின்னக் குழாயை விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும், விட்டால் அடைத்துக்கொள்ளும். விலாவில் சொருகியிருந்த குழாயின் பாட்டிலில் ரத்தம் எவ்வளவு வடிந்தது என்று பார்க்க வேண்டும். டிரிப் ஒன்று முடிவதற்குள் அடுத்தது. மூத்திரப் பையைப் பார்க்க வேண்டும், வாய் துடைக்க வேண்டும், முதுகு புண்ணாகாமல் புரட்ட வேண்டும். என் இடுப்பு உடைந்திருந்ததால் ஒருத்தி தனியாகப் புரட்ட முடியாது. ஒவ்வொரு தடவையும் அவள் போய் ஆள் தேடிக் கூட்டிக்கொண்டு வருவாள்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு கல்லூரிப் பையன், பைக்கிலிருந்து விழுந்து கழுத்தெலும்பும் மண்டையும் உடைந்தவன். அவன் கண்ணை அடிக்கடி டார்ச் அடித்துப் பார்ப்பாள். அவனைப் புரட்டுவதென்றால் ஒருத்தர் தலையை மட்டும் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும், மற்றவர்கள் அவர் சொன்னதும் ஒரே சமயத்தில் திருப்ப வேண்டும். அதைப் பார்த்தபோது எங்கள் ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். எதிர்ப்பக்கம் இன்னும் இரண்டு பேர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நொறுங்கிக் கிடந்தார்கள். அவள் காலையில் கொண்டு வந்த டிபன் பாக்ஸ் அலமாரி மேல் இருக்கும், என் கண்ணுக்கு நேராக. டியூட்டி முடிந்து போகும்போது அதை அப்படியே திறக்காமல் எடுத்துக்கொண்டு போவாள். வீட்டில் என்ன பதில் சொல்வாளோ என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் என் கண்ணைப் பார்த்துப் புரிந்துகொண்டு, 'எங்க அம்மா திட்டும்யா, வழியில நாய்க்குப் போட்டுட்டுப் போயிடுவேன்' என்றாள். வாயில் குழாய் இருந்தும் எனக்குச் சிரிப்பு வந்தது, மிஷின் கத்தியது, அவளும் சிரித்துவிட்டாள்.

அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் நிர்வாகி உள்ளே வந்தான். கோட்டுப் போட்டிருந்தான், கையில் போன். எங்களில் ஒருவர் முகத்தையும் அவன் பார்க்கவில்லை, விரலை நீட்டிக் கட்டிலை எண்ணினான். 'நாலு பெட்டுக்கு மூணு பேரு எதுக்கும்மா? டீலக்ஸ் ரூம்ல நம்ம முதலாளிக்கு வேண்டியவங்க அட்மிட் ஆயிருக்காங்க, ஒருத்தர மேல அனுப்பு' என்றான். எஸ்தர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். 'சார், பெட்ட எண்ணாதீங்க சார். பக்கத்துப் பையனத் திருப்பவே நாலு பேரு வேணும். இன்னிக்கு ஒருத்தர ஸ்கேனுக்கு வேற கூட்டிக்கினு போவணும், அப்ப இங்க நான் ஒருத்திதான் இருப்பேன்' என்றாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டே, 'அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா, வேல செய்ய ஆள் கேக்குறதே உங்களுக்கு வேலையாப் போச்சு' என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு நர்ஸ் மாடிக்குப் போனாள், அங்கே தலைவலிக்குப் படுத்திருந்தவருக்குத் தலையணை மாற்ற. மத்தியானம் இன்னொருத்தி எதிர்ப்பக்கத்துக்காரரை மிஷினோடு ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அட்டெண்டர் அம்மா ரத்தம் வாங்கி வரக் கீழே போனார். எஸ்தர் சொன்னபடியே ஆனது. மீதி மூன்று பேருக்கு அவள் ஒருத்தி.

எனக்குக் குழாய் அடைக்க ஆரம்பித்தது. உள்ளே போகிற காற்று பாதியில் நின்றது, மிஷின் கத்தியது. எஸ்தர் கையுறை மாட்டிக்கொண்டு என் பக்கம் வந்துகொண்டிருந்தாள். அதே சமயம் பக்கத்துப் பையனுக்கு வலிப்பு வந்தது. கட்டிலே ஆடியது, கழுத்தில் மாட்டியிருந்த பட்டை நழுவியது. அவள் ஒரு எட்டில் தாவி இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். விட்டால் அவன் கழுத்துக்குக் கீழே ஒன்றும் மிஞ்சாது, பிடித்தால் எனக்குக் காற்று இல்லை. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கதவைப் பார்த்து, 'யாராச்சும் வாங்க, ஆள் வாங்க' என்று அலறினாள். திரும்பத் திரும்ப அலறினாள். ஒருவரும் வரவில்லை. நீதான் வந்தாய்.

உன்னைக் குறை சொல்லாமல் அந்த இடத்தைத் தாண்ட எவ்வளவோ முயற்சி செய்தேன், முடியவில்லை. நீ உள்ளே வந்தபோது அப்பன் நீலமாகிக் கிடக்கிறான், நர்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு வேறு யார் பக்கத்திலோ நிற்கிறாள். எந்தப் பிள்ளைக்கும் கோபம் வரும். வராவிட்டால்தான் நான் வருத்தப்பட்டிருப்பேன். 'சார், அப்பா தலைமாட்டுல அந்த பட்டனை அமுக்குங்க, டாக்டர் வருவாரு' என்று அவள் உன்னிடம் சொன்னாள். நீ பட்டனை அமுக்கவில்லை. போனை எடுத்தாய். 'என் அப்பா செத்துக்கினு இருக்காரு, நீ என்னா வேடிக்க பாக்குற' என்று கத்திக்கொண்டே படம் எடுத்தாய். அதற்கப்புறம் ஒன்று சொன்னாய். 'உங்க ஆளுங்களை எல்லாம் வேலைக்கு வச்சா இப்படித்தான்.' அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் பேரைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாய். ஓரிக்கைப் பக்கத்து ஊர் என்று எங்கோ கேட்டிருந்தாய், எஸ்தர் என்ற பேர், இதிலிருந்து என்ன சாதிக் கணக்குப் போட்டாயோ போட்டுக்கொண்டாய். எனக்கு மூச்சு நின்றுகொண்டிருந்த நேரம் அது. அப்போதும் அது காதில் விழுந்தது. அப்படிப் பேச உனக்கு நான் எப்போது சொல்லிக் கொடுத்தேன்?

அட்டெண்டர் அம்மா ரத்தப் பையோடு ஓடி வந்தார். எஸ்தர் அவர் கையைப் பிடித்துப் பையன் தலையில் வைத்து, 'இப்புடியே புடிச்சிக்கோங்க, அசையக் கூடாது' என்று சொல்லிவிட்டு என் மேல் பாய்ந்தாள். குழாயைச் சுத்தம் பண்ண முடியவில்லை, நெஞ்சு நின்றுவிட்டது, அதை அமுக்கி அமுக்கி ஓட வைத்தவள் அவள்தான். உன் வீடியோவில் இது இல்லை. அட்டெண்டர் அம்மா வந்த வேகத்திலேயே உன்னை வெளியே தள்ளிவிட்டிருந்தார். வீடியோவில் இருப்பது ஒரு பெண்ணின் முதுகும் நீலமான ஒரு கிழவனும்தான். மாடிக்குப் போனவள் அதில் இல்லை, விரல் நீட்டிக் கட்டிலை எண்ணியவனும் இல்லை. அங்கே இல்லாதவர்கள் எந்தப் படத்திலும் விழ மாட்டார்கள் அல்லவா? அதனால்தான் அந்தப் படம் அவனுக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

பிறகு டாக்டர்கள் வந்து என் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். சில நாள் கழித்து நிர்வாகி பழக்கூடையோடு வந்தான். உன் தோளில் கை போட்டு, 'கவலப்படாதீங்க சார், நீங்க குடுத்த புகார வச்சே அந்தப் பொண்ண வீட்டுக்கு அனுப்பியாச்சு, இனிமே எங்கியும் வேல கெடைக்காது' என்றான். அவன் போனதும் நீ என் காதருகே குனிந்து, 'அப்பா, உங்கள இப்படிப் பண்ணவளுக்குப் பாடம் கத்துக் குடுத்தாச்சு' என்றாய். பெருமையாகச் சொன்னாய், எனக்கு ஏதோ கொண்டு வந்து கொடுத்த மாதிரி. நான் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது. 'அப்பாவுக்கு வலி தாங்கல போல' என்று சொல்லி நீ புது நர்ஸைக் கூப்பிட்டு ஊசி போடச் சொன்னாய். நான் தூங்கிப்போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஆத்திரத்தோடு நான் தூங்கியதே இல்லை.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன், உன் அம்மாவுக்கும் தெரியும். பக்கத்து ஊரில் ஒரு புறப்பாட்டுக்குத் தூக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏற்பாடு பார்த்த பெரிய மனிதர் தன் விருந்தாளிக்காகக் கூட்டத்தை விலக்க எங்கள் ஆட்களில் இரண்டு பேரைப் பல்லக்கிலிருந்து எடுத்துவிட்டார். தெரு முனையில் திரும்பும்போது என் கூட்டாளி கோபாலுக்கு முட்டி மடங்கியது, பல்லக்கு சாய்ந்தது. விழவில்லை, பிடித்துவிட்டோம். ஆனால் ஊர் மொத்தமும் கோபால் மேல் பாய்ந்தது. அந்தப் பெரிய மனிதரே வந்து அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பல்லக்கைத் தாங்குகட்டைகள் மேல் பத்திரமாக நிறுத்தினோம். தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையைக் கட்டி நின்றோம். சாமி நடுத்தெருவில், மேளம் நின்றுபோயிற்று, ஊரே பார்க்கிறது. 'எடுத்த ரெண்டு பேரையும் திருப்பிக் குடுங்க. அறைஞ்ச கையாலயே கோபாலைக் கும்பிடுங்க. அப்புறம் தூக்குறோம்' என்றேன். அவர் கத்தினார், மிரட்டினார், கடைசியில் கும்பிட்டார். அதற்குப் பெயர்தான் பழி வாங்குவது. யாருக்கும் அடி விழவில்லை, ஆனால் தூக்குகிற ஆளை யார் எடுத்தாரோ அவர் தலைதான் குனிந்தது. நீ வாங்கியது பழி இல்லை, கோபாலுக்கு இன்னொரு அறை.

பேச்சு கொஞ்சம் திரும்பியதும் நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன், உனக்குச் சொல்லவில்லை. நிர்வாகியிடம் நடந்ததைச் சொன்னேன். 'நீங்க மருந்து மயக்கத்துல இருந்தீங்க ஐயா, அப்ப கண்டதெல்லாம் கனவு மாதிரிதான்' என்றான். ஆளை மாடிக்கு அனுப்பவே இல்லையாம். எஸ்தர் எதிர்த்துப் பேசவே இல்லையாம். 'உங்க பையன் குடுத்த புகார்தான் எங்களுக்கு ஆதாரம்' என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவன் முகத்திலிருந்து துடைத்தெடுக்க வேண்டும் என்ற நினைப்பில்தான் நான் தினமும் எழுந்து நடக்கப் பழகுகிறேன். டாக்டர் சொன்ன உடற்பயிற்சியால் இல்லை. கோபாலுக்கு விஷயம் தெரிந்ததும், 'அண்ணா, அவன் ஆஸ்பத்திரி வாசல்ல சாமி நிக்கிற நாள் ஒண்ணு வருதில்ல? நிக்காம தூக்கிக்கினு போயிடலாமா? நீ ஒரு வார்த்த சொல்லு' என்றான். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது அவனுக்கு ஒரு நாள் மானக்கேடு, அவ்வளவுதான். அடுத்த வாரம் மறுபடி கட்டிலை எண்ணப் போய்விடுவான். எனக்கு வேண்டியது அது இல்லை. அவன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அந்த அறையில் இருந்த ஒரு ஆளை எதற்கு எடுத்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

புடவைக் கடையில் பார்த்ததற்கு மறுநாள் எஸ்தர் வீட்டுக்குப் போனேன். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எத்தனையோ ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். பேரைச் சொன்னதும் அந்த வீடியோதானே என்கிறார்களாம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. 'வேணாம்யா, கைய இறக்குங்க. எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம். எனக்கு என் வேல வேணும். புடவ மடிக்கவா நான் படிச்சேன்?' என்றாள். உன்னைப் பற்றிக் கேட்டேன். 'உங்க புள்ள மேல எனக்குக் கோவம் இருக்குது. அது போவாது. அப்பாவ அந்த நெலமையில பாத்தா யாரும் கத்துவாங்க, அதுக்கில்ல. ஆனா "உங்க ஆளுங்க"ன்னு சொன்னாரே, அது ஆத்திரத்துல வர்ற வார்த்த இல்ல. முன்னாடியே உள்ள இருந்தது' என்றாள். பக்கத்துப் படுக்கையில் கிடந்த பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். அவள் முகம் மாறியது. 'நடக்குறான்யா. ஒருநாள் கடைக்கே வந்து நின்னான், அவன் அம்மாவோட' என்றாள். அதற்கு மேல் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் மனு கொடுத்திருக்கிறாள். வருகிற திங்கட்கிழமை காலை மாவட்ட அதிகாரி ஒருவர் விசாரிக்கிறார். ஆஸ்பத்திரி உன் புகாரையும் உன் வீடியோவையும்தான் கொண்டு வரும், வேறு ஒன்றும் அவர்களிடம் இல்லை. நான் அவள் பக்கம் சாட்சி சொல்லப் போகிறேன். 'ஒம்பது ஊருக்குப் பத்திரிகை வச்சாச்சு, இப்பப் போயி புள்ள மானத்த வாங்குறீங்களே' என்று உன் அம்மா அழுகிறாள். அழட்டும். ஆஸ்பத்திரி வாசலில் அவள் எனக்காக அழுதபோது உள்ளே என்னைப் பிழைக்க வைத்தவள் யார் என்று அவளிடம் கேட்டேன். அதற்கப்புறம் சண்டை போடவில்லை, என் வேட்டியை எடுத்துத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

உனக்கு நான் சொல்கிற புத்தி இதுதான், கல்யாணத்துக்கு முன்னால் எல்லா அப்பனும் ஏதாவது சொல்வான். விட்டுக் கொடுத்துப் போ, பொறுத்துப் போ என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். உன்னை யாராவது நசுக்கினால் விடாதே. உன் ஆளை யாராவது நசுக்கினால் சும்மா இருக்காதே. ஆனால் கண்ணுக்கு எதிரே கை நிறைய வேலையோடு நிற்கிறவள் மேல் பாயாதே. அவள் கையில் அவ்வளவு வேலையைக் கொடுத்துவிட்டு எவன் அங்கிருந்து போனான் என்று தேடு. தேட நேரமாகும், அந்த நேரத்துக்குப் படம் எடுக்க முடியாது, ஊர் கைதட்டாது. தேடிப் பிடித்த பிறகு விடாதே. என் மகனாக அந்த ஆத்திரம் உனக்கு இருக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். அதை நீ மலிவாக விற்றுவிட்டாய் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நீ திங்கட்கிழமை வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பாய். கல்யாணம் நடக்கும். நான் மணவறையில் உட்காருவேன், திவ்யா பாவம், அவளுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆனால் நிர்வாகி மண்டபத்து வாசலில் கால் வைத்தால் சந்தனக் கிண்ணத்தை வைத்துவிட்டு நான் எழுந்து போவேன். இந்தக் குரலில் என்ன சொல்ல முடியுமோ அதை அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். 'உங்க ஆளுங்க' என்று நீ சொன்னாயே, அதற்கு எஸ்தர் தனியாகப் புகார் கொடுத்தால் நான் அதற்கும் சாட்சி. சொன்னவன் என் மகன் என்பதால் எனக்குக் காது கேட்காமல் போய்விடாது. இதைப் படிக்கும்போது உனக்கு வலிக்கும். வலிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். விசாரணை நடப்பது பெரிய அறை, மின்விசிறிச் சத்தம் வேறு, என் பேச்சு முதல் வரிசையைத் தாண்டாது. மயக்கத்தில் கிடந்த கிழவன் ஏதோ முனகுகிறான் என்று அவர்கள் வக்கீல் சொல்வார். அதனால் நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் ஒவ்வொரு வாக்கியமாக உன் காதில் சொல்வேன், நீ அதை உரக்கச் சொல்ல வேண்டும். நிர்வாகி விரல் நீட்டி எண்ணியதைச் சொல்வேன். எஸ்தர் ஆள் கேட்டதைச் சொல்வேன். பட்டனை அமுக்கச் சொல்லியும் என் மகன் அமுக்கவில்லை என்று சொல்வேன். அவன் எழுதிய புகார் தப்பு, அவன் சொன்ன வார்த்தை அதைவிடத் தப்பு, என்னைப் பிழைக்க வைத்தவள் அவள் என்று சொல்வேன். ஒன்றையும் விழுங்காதே, என் மகன், அவன் என்று நான் உன்னைச் சொல்கிற இடத்திலெல்லாம் நீ 'நான்' என்று மாற்றிச் சொல். தொண்டை அடைக்கும். அடைத்தாலும் நிறுத்தாமல், எஸ்தரைப் பார்த்து, கடைசி நாற்காலிக்குக் கேட்கிற மாதிரி சொல்லி முடி.

உன் அப்பா